கணவாய் உருகுவதற்குள்

வேலையிலிருந்து வந்ததும் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள். ஜில்லென்ற விரல்களை என் பிடரியில் வைப்பாள். நான் துள்ளுவேன்.

"உங்களுக்காவது சுரணை இருக்கே! என் விரலுக்கு அதுவும் இல்ல."

துறைமுகத்தை ஒட்டிய ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. கப்பலில் உறைந்து வந்திறங்கும் மீனிலும் இறாலிலும் பாதரசம், ஈயம், காட்மியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சதையை வெட்டி, கூழாக அரைத்து, அமிலத்தில் கரைத்துக் கருவியில் கொடுப்பார்கள். "வீட்டுலயும் அதே அரைக்கிற வேலைதான். அமிலம் மட்டும் தேவையில்ல, உங்க வாயே போதும்" என்பாள்.

ஒருமுறை உறைந்த கணவாய் மீன் ஒரு கண்டெய்னர் வந்தது. பல காலம் பிறர் கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் சொந்தமாக இறக்கிய முதல் சரக்கு. காட்மியம் அளவுக்கு மீறி இருப்பதாக அவள் கையெழுத்துப் போட்டாள். மொத்தத்தையும் அழிக்க வேண்டியதுதான். அந்த மனிதர் ஆய்வக வாசலிலேயே நின்று, மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார். பார்த்தாள். இம்முறை காட்மியம் மிகக் குறைவு.

அன்று மாலை என் பிடரிக்குத் தொந்தரவு இல்லை. "என்னம்மா?" என்றேன்.

"முதல் தடவை விரல் தாங்கலைங்க. குடலோட முழுசா உருக விட்டுட்டு அப்புறம் வெட்டினேன். ரெண்டாவது தடவை அவசரம், கல்லு மாதிரி இருக்கும்போதே குடலை எடுத்துட்டேன். காட்மியம் குடல்லதான் இருந்திருக்கு. உருகின தண்ணியோட சதைக்குள்ள இறங்கிடுச்சு."

"அப்ப சரக்கு நல்ல சரக்குதானே? சொல்லிடு."

"வாங்கிட்டுப் போறவங்களும் வீட்டுல என்னை மாதிரிதானே உருக விடுவாங்க?"

சாப்பிடும்போதும் அதே யோசனை. மறுநாள் மேலதிகாரியிடம் போய், தான் உருக விட்டதையும் வாங்குகிறவர்கள் உருக விடப்போவதையும் சொன்னாள்.

"உன் தப்புக்கு நீயே தண்டோரா போடணுமாம்மா? முதல் ரிசல்ட்டோட விட்டுடலாமே."

"நான் தண்டோரா போடலைன்னா அவர் சரக்கைக் குழியில போடணுமே சார்."

அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கண்டெய்னர் மட்டும் பிழைத்தது. உறைந்த நிலையிலேயே குடலை நீக்கி, மறுபடி சோதித்து, பிறகே விற்கலாம் என்று முடிவானது. அவர் அதற்கென்றே ஆட்களை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவரே போன் செய்தார். "மேடம், கை மரத்துப் போகுதுன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்க."

"என் பேரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்க. கூடவே பக்கத்துல வெந்நீர் வைங்க."

அவள் போய்ச் சேர்ந்து சில மாதங்களாகின்றன. கடைசிவரை வந்து நின்றவர்களில் அந்தக் கணவாய்க்காரரும் ஒருவர். இன்று என்னைத் தன் கூடத்துக்கு அழைத்திருந்தார். நீண்ட மேசைகளில் பெண்கள் கணவாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு பாத்திரம் வெந்நீர், ஆவி பறக்க. ஒருத்தி விரல்களை அதில் முக்கிக்கொண்டே, "இதுக்கும் அந்த மேடத்தைத்தான் திட்டணுமா?" என்று கேட்க, மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

புறப்படும்போது உறைந்த பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். பை எடுத்துப் போகவில்லை. வழியெல்லாம் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மகள் அடுப்படியில் முதுகு காட்டி நின்றிருந்தாள். பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு, மரத்துப்போன விரல்களை அவள் பிடரியில் வைத்தேன்.

"ஐயோ அப்பா!" என்று துள்ளித் திரும்பினாள். "நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"