அண்ணை கேட்ட ஊசி

நான் காசநோய்க்கான டி.என்.ஏ. தடுப்பூசி ஆய்வில் சேர்ந்த பிறகுதான் அண்ணைக்கு அந்த நோய் பிடித்தது. குருநகரில் கடலுக்குப் போகிற மனிதர். குளிசைகளை ஒழுங்காக விழுங்கியும் இருமல் நிற்கவில்லை. வழமையான மருந்துகளுக்கு அவருடைய கிருமி அடங்காது என்று சிகிச்சை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

அன்று நான் போனபோது முற்றத்தில் கதிரையைப் போட்டுத் தனியே இருந்தார்.

"தங்கச்சி, நீ செய்யிற ஊசி எனக்குச் சரிவருமோ?"

எங்களுடையது நோய் வராமல் காக்கிற ஊசியல்ல. வந்த நோயோடு போராட உடலைப் பழக்குவது. கிருமியின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் ஏற்றினால், உடலே அந்தப் புரதத்தை உண்டாக்கி, கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் என்று நம்பினோம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அந்த டி.என்.ஏ.யைத் தயாரித்து அனுப்புவோம். நோயுள்ள எலிகளுக்கு ஏற்றிப் பார்ப்பது வெளிநாட்டு ஆய்வுகூடம்.

"இன்னும் எலிக்குத்தான் போடுறம் அண்ணை. மனிசருக்குப் போடேலாது."

"எலி பிழைச்சா எனக்குச் சொல்லு" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வாயைப் பொத்திய லேஞ்சியை எனக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டார்.

மழை தொடங்கிய நாட்களில் எலிகளின் படங்கள் வந்தன. ஊசி போட்டவற்றின் நுரையீரல்தான் மற்றவற்றைவிட மோசமாக இருந்தது. உடல் கிருமியைத் தாக்கியிருந்தது. தாக்கிய மூர்க்கத்தில் நுரையீரலையும் சிதைத்திருந்தது. ஆய்வை நடத்திய பேராசிரியர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதை நிப்பாட்டுவம்" என்றார்.

பின்னேரமே அண்ணையிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"செத்துப்போச்சுதுகளோ?"

"ஓம். கனக்க எலி செத்துப்போச்சு."

"நல்ல காலம், நீ எனக்குப் போடேல்லை" என்றார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புது மருந்துகளுக்காக அவரைத் தூரத்து ஆஸ்பத்திரியில் விட்டோம். நாங்கள் வேறொரு மரபணுவை வைத்து முதலிலிருந்து தொடங்கினோம். கொஞ்ச நாள் அவரே தொலைபேசியில் கதைத்தார். பிறகு மூச்சு வாங்கியது. நான் கதைக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்த நேரம் அண்ணையின் மனைவி, என் மச்சாள், தொலைபேசி எடுத்தாள்.

"மற்றப் பக்க நுரையீரலிலையும் தொடங்கிட்டுதாம்" என்றாள். "உங்கடை ஊசி எப்ப சரிவரும்?"

வருடக்கணக்காகும் என்பது எனக்குத் தெரியும். மச்சாள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.