எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை வட்டம்

இன்னிக்கு அல்வால் போற பஸ்ஸில் என் உயிரே போயிட்டு வந்தது.

இருமல் விடலைன்னு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்தோம். மகள் காலேஜில் இந்த எக்ஸ்ரே படிப்புதான் புதுசா சேர்ந்திருக்கா. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சு, "கருப்பெல்லாம் காத்துமா. கதிரைத் தடுக்கிறதுதான் வெள்ளையா விழும்"னு பாடம் எடுத்தா.

நடு நெஞ்சில் ஒரு வெள்ளை வட்டம்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் படத்திலும் வெள்ளையாத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரலை. அந்த வட்டத்தை மகளுக்குத் தொட்டுக் காட்டினேன்.

மகள் உத்துப் பார்த்தா. "டென்ஷன் நக்கோமா, வேண்டவே வேண்டாம்! பக்கத்துல ஊக்கு தெரியுது பாரு. அப்பா மோதிரத்தைக் கழட்டலையா நீ?"

ரவிக்கைக்குள்ளே ஊக்கில் மாட்டி வச்சிருந்தேன். உடம்போட ஒண்ணாயிட்டதால மறந்தே போச்சு.

நாளைக்கு மறுபடியும் எடுக்கணுமாம். மோதிரம் மறைச்ச இடத்தில் என்ன இருக்கோ!

மோதிரமா என்கூட இருக்கிற மனுஷனை மகள் கையில் கொடுத்துட்டு, மிஷின் முன்னாடி நான் தனியா நிக்கணும். தைரியம் சொல்றவங்க இப்பவே சொல்லிடுங்க.