சுரங்கத்தில் ஜன்னலைத் திறந்தவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டோரீன் என்று கேட்டால் யோசிப்பார்கள். "காம்பரா டோரி" என்றால் உடனே வழி காட்டுவார்கள். அவள் என் தங்கை. எங்கள் அப்பா தொரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அப்போதிருந்த தொரைசானியின் பெயரையே மகளுக்கு வைக்கும்படி மாதா கோயில் சுவாமியாரிடம் கேட்டுக்கொண்டார். எனக்கு அதற்கு முன்பே இங்கிலாந்து ராஜாவின் பெயர் கிடைத்திருந்தது: ஜோர்ஜ். இரண்டு பெரிய பெயர்களும் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்து வீட்டில், ஒரே சாக்குப் படுக்கையில் வளர்ந்தன.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு நோய். மழைக்காலம் தொடங்கிவிட்டால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகிற உடம்பு இல்லை என்று கண்ட கங்காணி, அவளைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போட்டார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பாவம் பார்த்துக் கொடுத்த வேலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அங்கே அவள் எப்படி இருந்தாள் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வரிசையாகத் தொங்கும் தொட்டில்களில் எது அழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். பசி அழுகை வேறு, வயிற்றுவலி அழுகை வேறு என்பாள். தாலாட்டுப் பாட அவளுக்கு மூச்சுப் போதாது. அதனால் நாக்கால் சொடக்குப் போடுவாள். பல்லிச் சத்தம் போன்ற அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் மயங்கிப் போகும். பால் கொடுக்க மலையிலிருந்து ஓடி வரும் பெண்களைப் பார்த்து, "மெதுவா வாங்கடி, ஒங்க புள்ள கையெழுத்துப் போட்டுட்டு வெளியூரா போயிரப் போகுது?" என்று கேட்பாள்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை றோலண்ட், எங்கள் தோட்டத்துப் பெக்டரியில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். அவருடைய அம்மா தலவாக்கலையில் இருந்தார். மறுவீட்டுக்கு அவர்கள் இருவரும் ரயிலில் புறப்பட்டார்கள். பலகாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அப்போது கரி ரயில்தான். அட்டன் ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிங்கமலைச் சுரங்கம் வரும். மலையைக் குடைந்த நீளமான பாதை. ரயில் அதற்குள் நுழையும் முன்பே எல்லாரும் ஜன்னல்களை மூடி, முந்தானையையோ துவாயையோ மூக்கில் பொத்திக்கொள்வார்கள். அப்படியும் புகை உள்ளே வந்துவிடும். வெளிச்சத்துக்கு வந்ததும் ஒருவர் முகத்தில் படிந்த கரியைப் பார்த்து மற்றவர் சிரிப்பார். அன்று எங்கள் பெட்டியில் யாரும் சிரிக்கவில்லை. டோரீனின் உதடு நீலம் பாரித்திருந்தது. கொட்டகலையில் றோலண்ட் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர். தன் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, "பய வெண்ட எப்பா நங்கி, பயப்படாத தங்கச்சி," என்று இரண்டு பாஷையிலும் சொல்லிக்கொண்டே நின்றார். நாங்கள் தலவாக்கலைக்குப் போகவில்லை. ஒரு லொறியில் இடம் கேட்டுத் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு அவள் ரயிலில் ஏறியதே இல்லை.

அவளுக்கு ஒரே மகள், பெற்றீசியா. படிப்பில் கெட்டிக்காரி. சுவாமியார் பேசி, பண்டாரவளையில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் வாங்கிக் கொடுத்தார். லயத்துப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. கொண்டுபோய் விடுவதும், லீவுக்குக் கூட்டி வருவதும், பார்க்கப் போவதும் என் பொறுப்பாயிற்று. நான் அட்டன் பஜாரில் தையல்காரன். நினைத்த நாளில் கடையைப் பூட்டலாம். றோலண்டுக்கு அப்படி லீவு கிடைக்காது. டோரீன் பஸ்ஸிலும் முயன்று பார்த்தாள். வளைவுகளும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து அவளை லிந்துலையிலேயே இறக்கிவிட்டன.

ஒரு டிசம்பர் மாத நத்தார் லீவில் பெற்றீசியா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே சொன்னாள்.

"அம்மா, அங்க எல்லாரும் எனக்கு அம்மா இல்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எப்பப் பாத்தாலும் மாமாதானே வர்றாங்க."

"இருக்காங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க. ஒரு புள்ள ஒங்க ஆத்துமத்துக்காகச் செபமாலை சொல்லுதாம்."

டோரீன் சிரித்தாள். "சொல்லட்டும், சொல்லட்டும். எப்பவாவது ஒதவும்."

"பரிசளிப்பு விழாவுக்காச்சும் வாங்கம்மா. இந்த வாட்டி எனக்குப் பரிசு இருக்கு."

டோரீன் எழுந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தூக்காமலே நின்றாள். நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் பாதையில் டீசல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. முதல் தடவை அது அட்டனுக்கு வந்தபோது பஜாரில் பாதிக் கடைகள் காலி. இஞ்சினைச் சுற்றி நின்று, "இதுக்கு அடுப்பு எங்கடா?" "தண்ணி எங்க ஊத்துவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை அது. ஒரு நாள் கொட்டகலைக்கு டிக்கெட் எடுத்து அந்த ரயிலில் ஏறினேன். வெளுத்த மல் துணியில் ஒரு கைக்குட்டை வெட்டி, ஓரம் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். ஆள் குறைந்த பெட்டியாகப் பார்த்து உட்கார்ந்து, சுரங்கம் முழுவதும் அதை ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன். கரி ரயிலில் அப்படிப் பிடித்திருந்தால் அடுப்புத் துணியாகியிருக்கும். இது ஓரத்தில் மட்டும் லேசாக மங்கியிருந்தது.

அன்று மாலையே தோட்டத்துக்குப் போய் அதை விரித்துக் காட்டினேன். றோலண்ட் தலையை ஆட்டினார்.

"வேணாம் மச்சான். அன்னிக்கித் தூக்கிட்டு எறங்குனவன் நான். கையில எடையே தெரியல. அதான் எனக்குப் பயம்."

டோரீன் கைக்குட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, கைக்குட்டைக்கு இழுப்பு இல்லையே," என்றாள். பிறகு அதை மூக்கில் வைத்து இழுத்து மோந்து பார்த்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மண்ணெண்ண வாட அடிக்குது. அது தெனம் வெளக்கேத்துறப்ப மோக்குற வாடதானே. நான் போறேன்."

"டோரி..." என்றார் றோலண்ட்.

"எம் புள்ளைக்கு அம்மா இருக்கான்னு நான்தான போய்க் காட்டணும்? நீங்க போட்டோவையா கொண்டு போயிக் காட்டுவீங்க?"

விழா நாளுக்காக அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்தேன். நெஞ்சுப் பக்கம் வழக்கத்தைவிடத் தளர்வாக விட்டு, கழுத்தையும் சற்று இறக்கினேன். போத்தலில் சுக்குத் தண்ணி, ஒரு கம்பளி, மகளுக்குக் கொஞ்சம் பனியாரம். றோலண்ட் ஸ்டேஷன் வரை வந்து, ரயில் கிளம்பும் வரை எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

பெட்டி புதிது. பெஞ்சுகளில் வார்னிஷ் வாடை போகவில்லை. டோரீன் பலகையைத் தடவிப் பார்த்து, "தொரை பங்களா மேசை மாதிரி இருக்கு. இதுல உக்காரலாமா, சாப்பிடத்தான் வேணுமா?" என்றாள். எதிர்ப் பெஞ்சில் இருந்த பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். பெயர் பொன்னையா, நானுஓயாவுக்குப் போகிறாராம். வாயில் சுருட்டு. பக்கத்தில் அழகம்மா என்று ஒரு பெண், மடியில் குழந்தையோடு. கூட்டம் நெருக்கியடித்தது. என்றாலும் ஜன்னல்கள் திறந்திருந்தன, தேயிலை மலைக் காற்று நன்றாக வந்தது. அவள் மூச்சை நான் காதால் அளந்துகொண்டே வந்தேன். சீராக இருந்தது.

சுரங்கம் நெருங்கியது. யாரோ, "சிங்கமலை! சிங்கமலை!" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான், பெட்டி முழுவதும் எழுந்து நின்றது. கண்ணாடிகள் சடசடவென்று இறங்கின. துவாய்கள் மூக்குக்குப் போயின. அழகம்மா குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். எங்கள் ஜன்னலைப் பொன்னையாவே எட்டி இறக்கிவிட்டார். இத்தனை வருஷம் செய்து பழகிய கை. கரியில்லாத ரயில் என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"ஐயா, மூட வேணாங்க. இது டீசல் கோச்சி, பொகை வராது," என்றேன்.

"தம்பி, இந்தச் சொரங்கத்த நான் எத்தனையோ வாட்டி பாத்தவன். கம்முனு உக்காருங்க."

இருட்டு சூழ்ந்தது. மேலே ஒரு மங்கலான பல்பு எரிந்தது. வெளியிலிருந்து புகை வரவில்லை. ஆனால் உள்ளே இருந்த சுருட்டுப் புகைக்குப் போக வழியில்லை. அத்தனை பேர் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. டோரீனின் நெஞ்சில் அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. ஓலைக்குள் காற்றுப் புகுந்தது போன்ற சத்தம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் சில்லென்றிருந்தன. எனக்கு அன்று கொட்டகலையில் இறங்கியதுதான் கண்ணில் நின்றது.

நான் சுக்குத் தண்ணிப் போத்தலைத் தேடிக் குனிந்தேன். அதற்குள் அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்து, ஜன்னல் கண்ணாடியை இரண்டு கையாலும் மேலே தள்ளினாள்.

"ஐயோ, மூடும்மா! எல்லாரும் கரியாப் போயிருவோம்!" என்று பொன்னையா கத்தினார்.

"புள்ளைய வச்சிருக்கேன் அக்கா!" என்றாள் அழகம்மா.

பின்னாலிருந்து ஒரு கை கண்ணாடியை இறக்க வந்தது. டோரீன் முழங்கையை அடியில் முட்டுக்கொடுத்து விடாமல் நின்றாள். பேச மூச்சில்லை. தலையை வெளியே நீட்டி, அந்தக் கும்மிருட்டில் வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். எதைக் கண்டு இத்தனை வருஷம் பயந்தாளோ அதற்குள்ளேயே முகத்தை வைத்திருந்தாள். விழுந்துவிடாமல் நான் அவள் இடுப்பில் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பாறையிலிருந்து ஒழுகும் தண்ணீர் காற்றில் சிதறி எங்கள் மேல் தெறித்தது. குளிர்ந்த காற்று. அதில் மண்ணெண்ணெய் வாடை கொஞ்சம், ஈரப் பாறையின் வாடை நிறைய. அவள் தோள்கள் ஏறி இறங்குவதை எண்ணாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறி இறங்கும் வேகம் மெல்ல மெல்லத் தணிந்தது.

வெளிச்சம் வந்தது.

டோரீன் தலையை உள்ளே இழுத்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் தண்ணீர்த் துளி, கரி இல்லை. பெட்டியில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பொன்னையா துவாயால் மூக்கைத் துடைத்து, அதை விரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது, ஒண்ணுமே இல்ல!"

டோரீன் இரண்டு மிடறு சுக்குத் தண்ணி குடித்தாள். பேச்சு வந்ததும், "பெரியவரே, பொகை வெளியில இல்லீங்க. ஒங்க வாயிலதான் இருக்கு," என்றாள்.

பெட்டியே சிரித்தது. அழகம்மாவின் குழந்தை மிரண்டு அழத் தொடங்க, டோரீன் நாக்கால் சொடக்குப் போட்டாள். பொன்னையா சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "மன்னிச்சிரு மகளே, நோயாளின்னு தெரியல," என்றார்.

"நோயாளியா? நான் பரிசளிப்பு விழாவுக்குப் போறவ," என்றாள்.

பட்டிப்பொலவைத் தாண்டி இன்னொரு சுரங்கம். அதற்கு இந்தப் பக்கம் மூடுபனி, அந்தப் பக்கம் நல்ல வெயில். அது வரும் முன்பே அவள் எழுந்து நின்று, "யாரும் மூடாதீங்க, சும்மா தொறந்து வச்சுக் காத்து வாங்குங்க," என்று புதிதாக ஏறியவர்களுக்கு உத்தரவு போட்டாள். கேட்டார்கள். பிள்ளைக் காம்பராவில் இருபது பிள்ளைகளை அடக்குகிற குரல் அது.

பண்டாரவளையில் இறங்கி, ஏற்றத்தில் நின்று நின்று நடந்தோம். பள்ளிக்கூட வாசலில் வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பெற்றீசியா முதலில் என்னைத்தான் பார்த்தாள். பின்னால் வந்தவளைக் கண்டதும் வரிசையை விட்டு ஓடி வந்தாள். ஒரு கன்னியாஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஒதுங்கி வழிவிட்டார்.

பிள்ளை யாரிடமும், "இதுதான் எங்கம்மா," என்று சொல்லவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தின் குறுக்கே போனால் விடுதி கிட்ட. அவள் அப்படிப் போகவில்லை. எல்லாப் பிள்ளைகளும் நின்ற ஓரமாகவே, மெல்ல, முற்றத்தை முழுக்கச் சுற்றிக்கொண்டு கூட்டிப் போனாள். டோரீன் சேலையைச் சரிசெய்தபடி, பார்த்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

விடுதிக்கு ஏறும் படிக்கட்டின் நடுவில் அவள் நின்றுவிட்டாள். மகளும் நின்றாள். வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்த பிள்ளைகளும் நின்றார்கள். கன்னியாஸ்திரி அவசரமாக ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"இருக்கட்டுங்க சிஸ்டர்," என்றாள் என் தங்கை, மூச்சைச் சேர்த்துக்கொண்டு. "எம் புள்ள படுக்குற கட்டில மொதல்ல பாத்துர்றேன். அதுலயே உக்காந்துக்குறேன்."