படுத்தாத்தான் பரீட்சை

எந்தம்பி வபோம்பாவ மக்குன்னு சொன்னவங்க வாயில மண்ணு விழ. இதச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம் சொல்லுவேன். அவன் கதைய யாராச்சும் கேட்டா எனக்கு முதல்ல வாயில வர்றது இதுதான்.

காப்பிப் பழம் பறிக்கிறப்ப நான் என் பாடத்த வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பறிப்பேன். பக்கத்து வரிசையில அவன் கேட்டுக்கிட்டே பறிப்பான். சாயங்காலம் நான் மறந்த இடத்த அவன் எடுத்துக் குடுப்பான். ரேடியோவுல ஒரு தடவ செய்தி ஓடுச்சுன்னா போதும், அப்படியே ஒப்பிப்பான். ஆனா காயிதத்த நீட்டினா அவ்வளவுதான். "எறும்பு மாதிரி ஓடுதுக்கா. ஒண்ணப் பிடிக்கிறதுக்குள்ள இன்னொண்ணு போயிடுது"ம்பான். எங்க மாயி, அதான் எங்கம்மா, கண்ணுல கோளாறுன்னு இம்பாலே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. கண்ணு கழுகுக் கண்ணுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பள்ளிக்கூடத்துல யாரு அவன் காத நம்பினா? ஆறாவதுல பெயிலாக்கித் திரும்ப ஒக்கார வச்சாங்க. ஏழாவதுலயும் ஒக்கார வச்சாங்க. ஏழாவது முடிவுல சர்க்கார் பரீட்சை. அதுக்கு மக்குப் பசங்கள அனுப்பினா பள்ளிக்கூடத்தோட பேரு கெட்டுப் போயிடுமாம். அதனால ஒவ்வொரு வருசமும் "அடுத்த தடவ பாக்கலாம்"னு தலைமை வாத்தியார் அவன் பேர அடிச்சிடுவாரு. மீச மொளச்சவன், மூக்கொழுகுற பொடிசுங்க நடுவுல முழங்காலு மேசையில இடிக்க ஒக்காந்திருப்பான். நானா இருந்தா மேசையத் தூக்கிப் போட்டுட்டு வந்திருப்பேன். அவன் விடாமப் பள்ளிக்கூடம் போனான். ஏன்னா இம்பாலேயில சர்ச்சு சாமியாருங்க நடத்துற தொழில் கூடத்துல வண்டி மெக்கானிக் வேல சொல்லிக் குடுக்கறாங்க. ஏழாவது பாஸ்னு தாள் இருந்தாத்தான் வாசல் கதவே தொறக்கும். அந்தத் தாளு ஒண்ணுதான் அவனுக்கு வேணும்.

அந்த வருசம் இரட்டைப்பட வருசம். எங்க மலையில இரட்டைப்பட வருசத்துலதான் பசங்களுக்குக் கத்தி வைப்பாங்க, சுன்னத்து மாதிரி, பையன ஆம்பளையாக்குற சடங்கு. வபோம்பா தொடையில மணி கட்டி, ஒடம்பெல்லாம் கேழ்வரகு மாவு பூசி, சொந்தக்காரங்க வீடு வீடா ஆடிட்டு வந்து எங்க முத்தத்துல நின்னான். தோள் மேல குறுக்கால கம்பு, கண்ணு நேரா. ஊரே சுத்தி நின்னு அவன் இமையப் பாத்துச்சு. கத்தி ஏறுச்சு, எறங்குச்சு. இமை அசையல. முடிஞ்சதுன்னு விசில் ஊதினதும் எங்க சித்தப்பா குலோபா என்னப் பிடிச்சு உலுக்கி, "பாத்தியாடி நெலிமா, இவனயா மக்குன்னானுங்க? சிங்கம்டி!"ன்னு கத்தினாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அன்னையிலேருந்து அவன் ஆம்பள. பெரியவங்களோட கள்ளுப் பானையச் சுத்தி ஒக்காந்து, நீளக் குழல் போட்டு உறிஞ்சலாம். இனிமே அவனப் பையன்னு யாரும் கூப்புடக் கூடாது.

புண்ணு ஆறினதும் திரும்பப் பள்ளிக்கூடம். அந்தத் தடவதான் அவன் பேரு பரீட்சைக்குப் போயிருந்துச்சு. மாயி தலைமை வாத்தியார் வீட்டு வாசல்ல நடையா நடந்து வாங்கின வரம் அது. பரீட்சைக்கு முன்னால ஒரு மாதிரிப் பரீட்சை வச்சாங்க. முசாமாலி வாத்தியார் மார்க்க வாசிச்சு, பாஸ் மார்க்குக்கு எத்தன குறையுதோ அத்தன அடின்னாரு. அது அங்க வழக்கம். குறைஞ்சவன் தரையில குப்புறப் படுக்கணும்.

வபோம்பா படுக்கல.

"சார், கையில அடிங்க. நின்னுக்கிட்டே முதுகுல வாங்கிக்கறேன். எத்தன வேணா அடிங்க. படுக்க மட்டும் முடியாது சார். நான் நின்னவன்."

முசாமாலி வேத்து ஊர்க்காரர் இல்ல. எங்க மலைதான், அவரும் கத்திக்கு நின்னவர்தான். நின்னவன் இன்னொரு ஆம்பள முன்னால குப்புறப் படுத்தா என்ன அர்த்தம்னு அவருக்குத் தெரியாதா? "வகுப்புல எல்லாரும் ஒண்ணுதான். ஒருத்தனுக்கு ஒரு சட்டம் கிடையாது. வெளிய போ"ன்னுட்டாரு. எல்லாரும் ஒண்ணாம்! ஒரே பாடம், ஒரே தாளு, ஒரே பிரம்பு.

தலைமை வாத்தியார்கிட்ட மாயியும் நானும் ஓடினோம். "படுத்தா பரீட்சைக்கு நுழைவுச் சீட்டு. இல்லன்னா கெடையாது. அவனுக்கு வளைஞ்சா நாளைக்கு எல்லாப் பயலும் நிமிர்ந்து நிப்பான்"னு அவரு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிட்டாரு.

வீட்டுல ஒரே ரகளை. சித்தப்பா குதிச்சாரு. "படுத்தான்னா அவன் எங்க வம்சத்துல நின்ன கணக்கே இல்ல. பரீட்சையாம் பொல்லாத பரீட்சை! எங்களுக்கெல்லாம் என்ன, பரீட்சையா சோறு போட்டுச்சு?"

"நீங்க சும்மா இருங்க கொழுந்தனாரே"ன்னு மாயி சீறினா. "உங்க மானத்த வச்சு அவன் நாக்கு வழிக்கவா? ராசா, கண்ண மூடிக்கிட்டுப் படுத்துட்டு வந்துடுடா. நொடியில முடிஞ்சிடும்."

அவன் என்னப் பாத்தான். "நீ என்னக்கா சொல்ற?"

"நான் சொன்னா நீ கேப்பியா? உனக்கு எது வேணுமோ அதச் செய்யி"ன்னேன்.

"எனக்கு அந்தத் தாளு வேணும்"னான்.

மறுநா காலையில போய்ப் படுத்தான். பொடிசுங்க சிரிக்கும்னு நெனச்சேன், ஒண்ணுகூடச் சிரிக்கலயாம். வெளிய ஜன்னல் பக்கம் அவனோட சேந்து கத்திக்கு நின்ன பயலுங்க ரெண்டு பேரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தானுங்க. பொழுது சாயறதுக்குள்ள மலை பூரா தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு அவன் கள்ளுப் பானைகிட்டப் போனப்ப ஒருத்தரும் குழல் நீட்டல. "பசங்களுக்கு இங்க என்னடா வேல? போய் வீட்டுப்பாடம் எழுது"ன்னாரு சித்தப்பா. தூக்கிக் கொண்டாடின அதே மனுசன். நான் போய் அவர நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டு வந்தேன். கேட்டு என்ன பிரயோசனம்?

பரீட்சை நடந்துச்சு. வெளியூர்லேருந்து வந்த ஒரு டீச்சரம்மா மேற்பார்வ. வபோம்பா கைய ஒசத்தி, "அம்மா, கேள்விய ஒரே ஒரு தடவ படிச்சுக் காட்டுறீங்களா? பதில் எனக்குத் தெரியும்"னு கேட்டிருக்கான். அந்தம்மா நல்ல மனுசிதான், அவன் தோளத் தட்டிக் குடுத்துச்சாம். "அதுக்குச் சட்டத்துல எடமில்லப்பா"ன்னு சொல்லிட்டு நகந்துடுச்சாம். அவன் மணி அடிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்தான். பேர மட்டும் எழுதியிருந்தான். அதுவும் ஒரு மணி நேரம் பிடிச்சு.

ரிசல்ட்டு வந்துச்சு. பெயில்னுகூடப் போடல. தரமே இல்லாத ஆளுன்னு ஒரு எழுத்து போட்டிருந்தாங்க. இந்தப் பக்கம் படுத்தவன், அந்தப் பக்கம் பெயிலானவன். பையனுங்களும் சேத்துக்கல, ஆம்பளைங்களும் சேத்துக்கல. ஒரு வாரத்துல கம்பாலாவுக்கு லாரி ஏறிட்டான். அங்க மார்க்கெட்டுல வாழத்தார் எறக்குற வேல.

நான் அதுக்குள்ள இம்பாலே சந்தையில தக்காளி விக்க ஒக்காந்துட்டேன். ஒண்ணர வருசம் கழிச்சு, வாழத்தார் லாரியோட வந்தவன் என் கடைக்கு வந்து நின்னான். தோளு ரெண்டும் காய்ச்சுக் கெடந்துச்சு. பக்கத்துக் கடைக்காரன் பழைய கேள்வித்தாள் எல்லாத்தையும் சேத்துக் கட்டின புஸ்தகம் வித்துக்கிட்டு இருந்தான். தம்பி எழுதின வருசத்துத் தாளும் அதுல இருந்துச்சு. எனக்கு என்ன கிறுக்கு பிடிச்சுச்சோ, எடுத்து அறிவியலப் பிரிச்சு, "மலேரியாவப் பரப்புற கொசு எது?"ன்னு இங்கிலீஷுல படிச்சேன்.

தக்காளியத் தொடச்சுக்கிட்டே சொன்னான்.

அடுத்ததப் படிச்சேன். சொன்னான். மலைச்சரிவுல மண்ணு அரிச்சுப் போகாம இருக்க ரெண்டு வழி கேட்டிருந்துச்சு, அவன் நாலு சொன்னான். கணக்கெல்லாம் மனசுலயே போட்டுச் சொன்னான். போதும், நிறுத்திடலாம்னு பாத்தா விட மாட்டேங்குறான். "அடுத்ததப் படிக்கா, அடுத்ததப் படிக்கா"ங்குறான். மொகம் அப்படிப் பூரிச்சுக் கெடக்கு. தக்காளி வாங்க வந்தவங்ககூட நின்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கடைசிக் கேள்வியும் முடிஞ்சுச்சு. பின்பக்கம் இருந்த விடையோட ஒத்துப் பாத்தேன்.

"பாஸாக்கா?"ன்னான்.

"பாஸ்டா தங்கம். முதல் தரத்துல பாஸ்."

கொஞ்ச நேரம் சிரிச்சுக்கிட்டே நின்னான். அப்புறம் கேட்டான்: "இத நாம யாருகிட்டக்கா போய்ச் சொல்றது?"

நான் புஸ்தகத்த மூடிப் பக்கத்துக் கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்தேன். லாரிக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். தம்பி ஏறிப் போயிட்டான்.