ஊதாத ஏட்டின் பெயரில் ஊதும் சிலை

2022ஆம் ஆண்டு ஜூன் 6, திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரி நாற்சந்தியில் போக்குவரத்துக் காவல் பிரிவு ஒரு சிலையைத் திறந்து வைத்தது. அப்பிரிவின் மீதான குற்றச்சாட்டு பின்வருமாறு: சிலை அந்தச் சந்தியிலேயே பணிக்காலத்தைக் கழித்து மறைந்த ஒரு தலைமைக் காவலரின் உருவம் என்று அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் பீடத்தில் பொறிக்கப்பட்டு, கீழே ‘விசில் ஒலியால் இச்சந்தியைக் காத்தவர்’ என்று எழுதப்பட்டது. வாயில் விசில் வைக்கப்பட்டது. போதாக்குறைக்கு, சிலையின் வயிற்றுக்குள் ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டு, சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அது ஊதும்படி செய்யப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வாரங்கள் நீங்கலாக, அந்த ஏட்டு அங்கே விசில் ஊதியதே கிடையாது.

விழாவுக்கு அவருடைய மகளை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். திரை விலகியதும் அவளும் கைதட்டினாள். அடுத்த கணம் விளக்கு சிவந்தது, அப்பா ஊதினார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் வைக்க அனுமதி கேட்டபோது எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வாயில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

நாற்சந்தியின் மூலையில் நிற்பது ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவு. மாடியிலுள்ள அதன் ஜன்னல்கள் சந்தியைப் பார்த்தே திறக்கும். ஏட்டு புதிதாக வந்து காது கிழிய ஊதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி, வண்டிகளுக்கு நடுவே நேராக அவரிடம் வந்தாள்.

“ஐயா, எம்புள்ள இப்பதான் கண்ணசந்தான். நீங்க ஊதறீங்க, அவன் முழிச்சுக்கிறான். ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் நிறுத்தறீங்களே, அவன் அழுகைய யாரு நிறுத்தறது?”

“போங்கம்மா. இனிமே ஊதல.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க.”

அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றப் புதிதாக ஒரு வழியும் கண்டுபிடித்தார். வண்டி தூரத்தில் வரும்போதே ஓட்டுநரின் கண்ணைப் பிடிப்பார். கண் சிக்கிய பிறகுதான் கையைத் தூக்குவார். அவர் ஊதாவிட்டாலும் மற்றவர்கள் ஹாரன் அடித்தார்கள் அல்லவா? அதற்கும் ஒரு சட்டம் போட்டார்: ஹாரன் அடித்தவன் கடைசி. ஒரு பஸ் ஓட்டுநர் அவசரத்தில் ஹாரனை அமுக்கிவிட்டார். மற்ற மூன்று பக்கத்து வண்டிகளும் ஊர்வலம் போல் போய்க்கொண்டே இருந்தன; அந்த பஸ் மட்டும் ஆணி அடித்தது போல் நின்றது. கடைசியில் உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: “அண்ணே, அந்த ஹாரன்லேருந்து கைய எடுங்க. உங்களுக்கு வீடு வாசல் இல்லேன்னாலும் எங்களுக்கு இருக்கு.” அதன்பின் அந்தச் சந்தியில் ஓட்டுநர்கள் ஹாரனைத் தொடவே யோசித்தார்கள். ‘ஊதாத ஏட்டு’ என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான்.

மேலதிகாரி சும்மா இருக்கவில்லை. அரசு வழங்கிய விசிலைப் பயன்படுத்தாதது ஏன் என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பினார். ஏட்டு எழுதிய பதில் இது: ‘ஊதினால், ஓட்டுபவர் நின்ற பிறகு என்னைப் பார்க்கிறார். ஊதாவிட்டால், என்னைப் பார்த்த பிறகு நிற்கிறார். பின்னதே பாதுகாப்பு என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அதிகாரி ஒருநாள் மர நிழலில் நின்று நேரில் பார்த்துவிட்டு, மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவைத்தார். குறிப்பாணை, பதில், முடிப்பு ஆணை மூன்றும் மகளின் கோப்பில் வரிசையாக இருக்கின்றன.

சந்தியில் வாய் திறக்காதவர் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயமாட்டார். மனைவி இறந்தபின் மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர் அவர். காலைப் பணிக்குக் கிளம்புமுன் அவளுக்கு இரட்டைச் சடை போடுவார். பெல்ட்டை இறுக்கும் கை, சடையையும் அப்படியே இறுக்கும். புருவம் மேலே ஏறிய முகத்தோடுதான் அவள் பள்ளிக்குப் போவாள். முதல்நாள் பார்த்த வண்டிகளின் கதையெல்லாம் அப்போது அவள் உச்சந்தலையில் கொட்டப்படும்.

“அப்பா, கொஞ்ச நேரம் ஊதாம இருங்கப்பா.”

“நாள் பூரா வாய மூடிக்கிட்டு நிக்கறவன்டி நான். வீட்லயும் மூடச் சொன்னா எங்க போவேன்?”

அவள் பத்தாம் வகுப்போடு நின்றவள். தட்டச்சும் மனு எழுதும் நடையும், அப்பா கொண்டுவரும் பழைய சுற்றறிக்கைகளைப் படித்துத் தானே கற்றவை. அவள் எழுதிய முதல் மனுவை அவர் சந்திக்கே எடுத்துப்போய்ச் சக காவலர்களிடம் காட்டினார். “எம்பொண்ணு எழுதினா காற்புள்ளிக்குக்கூட முதுகெலும்பு இருக்கும்” என்றாராம்.

சிலையின் விசில் எங்கிருந்து வந்தது என்பதையும் அவள் கண்டறிந்தாள். ஆண்டு ஆய்வு ஒன்றின்போது, எல்லாக் காவலர்களும் வாயில் விசிலோடு நிற்க வேண்டும் என்று படமெடுத்தவர் கட்டளையிட்டார். அந்தப் படத்தைக் காட்டி அப்பாவே சிரித்திருக்கிறார்: “கன்னம் மட்டுந்தான் உப்பியிருக்கு பாரு, காத்து இல்ல.” அலுவலகத்திடம் இருந்தது அந்த ஒரு படம்தான், சிற்பியிடம் போனதும் அதுவே.

ஆகவே அவள் கோப்போடு இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனாள். இளைஞர், எழுந்து நாற்காலி போட்டார்.

“விசில் இல்லாத டிராபிக் போலீஸாம்மா? பாக்கறவன் பஸ்ஸுக்கு நிக்கறாருன்னு நெனைப்பான்.”

“நெனைக்கட்டும் சார். புதுசா வந்த டிரைவருங்களும் அப்படித்தான் நெனைச்சாங்க. அப்புறம் நின்னாங்க.”

“அவர் நிறுத்துவாரு. சிலை எப்படிம்மா நிறுத்தும்?”

“சிலை ஏன் சார் நிறுத்தணும்? அதுக்குத்தான் விளக்கு இருக்கே.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நகல்களைப் புரட்டினார். “இத்தனை வருஷத்துப் பேப்பரா? எங்க ஆபீஸ்லயே இல்லையே.”

“அதனாலதான் சார் நான் வச்சிருக்கேன்.”

“சரிம்மா. ஸ்பீக்கர இன்னிக்கே நிறுத்தச் சொல்லிடறேன்.”

“எழுத்துல தர்றீங்களா?”

“என் வாய்மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க வாய்மேல இருக்கு சார். சிலை வாய்மேலதான் இல்ல.”

அவர் சொன்னபடி செய்தார், சிலை வாயடைத்தது. எழுத்து மட்டும் வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது. அதன்பின் ஒருநாள் மகள் அவ்வழியே போனபோது, சிலைக்குப் பக்கத்தில் ஏணி போட்டு எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். விளக்கு சிவந்தது, பழையபடி ஊதல்.

“என்னப்பா பண்றீங்க?”

“ஸ்பீக்கர் ரிப்பேராகிக் கெடந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன். இப்ப கேளுங்க, முன்னவிட கணீர்னு இருக்கும்.”

“அது ரிப்பேர் இல்லப்பா. நிறுத்தி வச்சது.”

“எனக்கெப்படிம்மா தெரியும்? சத்தம் வரலேன்னா எங்களுக்கு ரிப்பேர்தான். வேணும்னே நிறுத்தினதுன்னு ஒரு துண்டுச் சீட்டாவது வேணாமா?”

அவர்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்ட சீட்டைத்தானே அவளும் கேட்டாள்? ஊதல் கேட்டு ஆஸ்பத்திரி மாடியில் ஒரு நர்ஸ் ஜன்னலைச் சாத்த வந்தாள். “சாத்தினா வேகுது, தெறந்தா ஊதுது” என்று கீழே நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, படாரென்று சாத்தினாள். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு, பீடத்தில் பொறித்திருந்த அப்பாவின் பெயரை மகள் பார்த்தாள். புதிய இன்ஸ்பெக்டரிடம் போனாள். ஃபைலில் ஒன்றும் இல்லையே என்றார் அவர். உண்மைதான், இல்லை.

எனவே போக்குவரத்துக் காவல் பிரிவிடம் மகள் கோருவது இது. ஒலிபெருக்கியை நிறுத்திவைப்பது போதாது. கழற்றி எடுக்க வேண்டும். வாயிலுள்ள விசிலை நீக்கி, பீடத்து வாசகத்தில் ‘விசில் ஒலியால்’ என்ற சொற்களை அழிக்க வேண்டும். இயலாதென்றால் சிலை அதன் விருப்பம்போல் ஊதிக்கொள்ளட்டும். அவள் தந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டதாகக் கொண்டு அப்பாவின் பெயரைப் பீடத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டில் எதுவானாலும் வாய்மொழி ஏற்கப்படாது. முடிவைக் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இட்டு, எழுத்து மூலம் தெரிவிக்கவும். ஒரு நகலை எலக்ட்ரீஷியனுக்கும் அனுப்பவும்.