பையில் இருந்த பாஸ்போட்

பலாங்கொடையிலிருந்து றக்வானைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடுபவரைப் போல சீட்டின் நுனியிலேயே இருந்தார். கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த பாஸ்போட்டைத் தொட்டுப் பார்ப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"வெளிநாடு போறீங்களாக்கா?"

"நான் போய் வந்தாச்சுங்க. இது மகளோடது. ரெண்டு மணிக்கு ஏஜென்சிக்காரரு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போவாரு. அவரு வந்துட்டுத் திரும்பிப் போறவரைக்கும் இந்த பஸ்லயே போய் வந்துக்கிட்டு இருப்பேன்."

"மகளுக்கு எத்தன வயசு?"

"இருவத்தாறு. தேயிலக் கொழுந்து பறிச்சு பிள்ளைய வளக்க ஏலாதுங்குறா. இப்ப ஃபோன் அடிக்கிறதும் அவதான். நான் அங்க வீட்டு வேலைக்குப் போன அன்னைக்கே அந்த வீட்டு மேடம் என் பாஸ்போட்ட வாங்கி அலுமாரியில பூட்டிட்டா. ரெண்டு வருஷம் கேட்டேன், குடுக்கல."

றக்வானையில் எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் இறங்கவில்லை. ஃபோன் மீண்டும் அடித்தது. எடுங்கள் என்று சொல்லத் தோன்றியது. எடுக்காதீர்கள் என்றும் தோன்றியது. ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

அவர் பையை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "நான் அழுறப்போ மேடமும் இப்படித்தாங்க, கேக்காத மாதிரியே இருப்பா."