பலகைத் தளத்தில் தண்ணீர்

என் அக்கா வீட்டுக்காரர் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்தபடிதான் இருக்கும். மாமா கான்கிரீட் மேஸ்திரி. தளம் போட்ட மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகப் போய்க் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடுவார். சீக்கிரம் காய்ந்தால் கான்கிரீட் வெடித்துவிடும், ஈரத்தில் கிடந்துதான் இறுக வேண்டும். கல்யாணத்தன்று காலையில்கூட ஒரு தளத்தை நனைத்துவிட்டு ஈரக்காலோடு வந்து நின்றார். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அப்பேர்ப்பட்டவரை எங்கள் கம்பெனி மரக் கட்டடத்துக்கு மாற்றியது. பலகைகளை அடுக்கி ஒட்டி, சுவராகவும் தளமாகவும் ஆலையிலேயே அறுத்து லாரியில் அனுப்புவார்கள். நான் கிரேனில் தூக்கிக் கொடுப்பேன், ஆட்கள் இறுக்கி மாட்டுவார்கள். கலவை கிடையாது, காத்திருப்பு கிடையாது. பலகை நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் மாமாவுக்கு வேலை. ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஏன் மரம் என்று இன்ஜினியரம்மா முதல் நாளே விளக்கினார். சிமெண்ட் சூளை கக்கும் புகை கொஞ்சநஞ்சமல்ல. மரமோ வளரும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கட்டடமாக நிற்கும்வரை அது உள்ளேயே இருக்கும், அழுகினால் மறுபடி காற்றுக்கே போய்விடும். நாங்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். மாமாவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"அப்ப இத்தன வருஷமா நான் போட்டதெல்லாம் வெறும் புகைதானாடா?"

அந்தத் தளங்களுக்கு மேலே ஜனங்கள் குடியிருக்கிறார்களே என்றேன். அவர் காதில் விழவே இல்லை. போதாக்குறைக்கு, இனி கம்பெனி எடுப்பதெல்லாம் மரக் கட்டடம்தான், அதற்கு ஆள் பொறுக்குவது இன்ஜினியரம்மாதான் என்று பேச்சு. இங்கே கழித்துவிட்டால் அவர் வயதுக்கு வேறு யார் சேர்ப்பார்கள்? இரும்பு ஏணியில் சும்மாவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

நான்காவது மாடித் தளம் அடுக்கிய மறுநாள் காலை. கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்து கீழே பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா தார்ப்பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கை, குழாயில் ஒரு கை என்று பலகைத் தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் ஹாரனை அமுக்கிப் பிடித்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குழாயைப் பார்த்தார்.

நான் இறங்கி ஓடுவதற்குள் சட்டையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இணைப்புகளுக்குள் இறங்கிய தண்ணீரைச் சட்டையால் எடுக்க முடியுமா? இன்னும் யாரும் வரவில்லை, தார்ப்பாயைப் போட்டு மூடுங்கள், வாயையும் மூடுங்கள் என்றேன். எனக்கு அக்கா பிழைப்புதான் பெரிதாகத் தெரிந்தது.

தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். "மூடினா உள்ளயே அழுகிடும்டா. அப்புறம் இதுவும் புகைதான்." சட்டையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு அவரே இன்ஜினியரம்மாவைத் தேடிப் போனார்.

அந்தம்மா வந்து, இரண்டு ஊசி வைத்த ஈரமானியைப் பலகையில் குத்திப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மாடி வேலையை நிறுத்தி மின்விசிறிகளை வைக்கச் சொன்னார். வேலை நின்ற நாளெல்லாம் மாமா விசிறிக்கு விசிறி அலைந்தார். ஈரமானியைக் கடன் வாங்கி, குத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தினார். அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாடு தொடாமலே வீட்டுக்குத் திரும்பியது.

ஒருவழியாகப் பலகை காய்ந்தது. தளத்தில் லேசான கறை மட்டும் மிச்சம். ஈரமானியைத் திருப்பிக் கொடுக்கப் போன மாமாவை இன்ஜினியரம்மா தடுத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க மேஸ்திரி. சொல்லாம மூடியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அடுத்த கட்டடத்துலயும் ஈரம் பாக்கறது உங்க வேலை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா தலையாட்டிவிட்டு மறுபடி குத்திப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விடுங்கள் என்றாள் அக்கா. மாமா குழாயைத் திறந்தார், சட்டென்று மூடினார், திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதுக்கு விடலாம்தானேடா?"